பச்சை மை

ஒரு வெள்ளைத் தாளை இரண்டாய் மடித்து
மீண்டும் இரண்டாய் மடித்தால்
நான்கு கட்டங்கள்.
என் இரவு அவ்வளவுதான்,
சட்டைப் பைக்குள் போய்விடும்.

நான்கு மை கொண்ட பேனா ஒன்று,
டலூத் துறைமுகச் சாலையில்
பெட்ரோல் போடும் இடத்தில் வாங்கியது.
தாய்க்குக் கறுப்பு.
உள்ளிருக்கும் பிள்ளையின் துடிப்புக்கு நீலம்.
மருந்து சிவப்பு.
செய்ய வேண்டியதெல்லாம் பச்சை,
பக்கத்தில் ஒரு குட்டிச் சதுரம்,
முடிந்ததும் டிக்.
பச்சைதான் எப்போதும் முதலில் தீர்கிறது.

பிரசவ வார்டுக்கு வந்து பதினோரு வாரம்.
தனியாக நிற்பது இது மூன்றாம் இரவு.
இடப்பக்கப் பையில் கத்தரிக்கோல், வலப்பக்கம் கையுறை,
தொடையில் ஒட்டிய வெள்ளை டேப்பில்
தாளை எடுக்க அவகாசமில்லாத நேரங்கள்.
வீட்டில் நான் இப்படியில்லை.
போன வாரம் கார்ச் சாவி
முட்டை அட்டைக்குள் கிடந்தது.

அறை ஐந்து: முதல் பிள்ளை, வலி வர மருந்து ஏறுகிறது,
அரை மணிக்கொரு முறை கூட்ட வேண்டும்.
அறை இரண்டு: டெல்வினா ஹௌல், இரண்டாவது பிள்ளை,
நான்கு சென்டிமீட்டர், பென்சிலின் ஒத்துக்கொள்ளாது,
கணவன் ராஸ், தொப்பியைக் கழற்றுவதேயில்லை.

மணி ஒன்று பத்து.
கொஞ்சம் ஐஸ் கிடைக்குமா என்றாள் டெல்வினா.
இதோ என்றேன்.
தாளிலும் எழுதினேன், பச்சையில்:
ஐஸ், இரண்டு. சதுரம்.

ஐந்தில் மணி அடித்தது.
நூற்று நாற்பது, நூற்றுப் பத்து, எழுபது.
இடப்பக்கம் திருப்பு, சொட்டு மருந்தை நிறுத்து,
சலைனைத் திற, ஆளைக் கூப்பிடு.
நான்கு நிமிடம் என்று பிறகு சொன்னது
இயந்திரம் கக்கிய காகிதம்.
என்னைக் கேட்டிருந்தால்
ஒரு குளிர்காலம் என்றிருப்பேன்.
துடிப்பு திரும்பி வந்தது,
எங்கேயோ போய் வந்தவன் போல
ஒன்றும் சொல்லாமல்.

அதற்குள் இரண்டில் அவள்
கழிவறைக்குப் போகணும் என்கிறாள்.
இரண்டாம் பிள்ளைக்காரி அப்படிச் சொன்னால்
அது கழிவறை அல்ல.
மருத்துவர் ஒற்றைக் கையுறையோடு ஓடி வருமுன்
தலை என் உள்ளங்கையில்.
மூன்று ஐம்பத்திரண்டு, டேப்பில்.
அழுகை, உரக்க.
தாளில் அதற்கு நான் கட்டம் போட்டிருக்கவில்லை.

பனிக்குடத்து நீரில் தாள் ஊறிப்போயிருந்தது.
கறுப்பும் நீலமும் ஒன்றில் ஒன்று கரைந்து
தாய் எது பிள்ளை எது தெரியவில்லை.
அவர்கள் பிரிந்த அதே நிமிடம்
தாளில் ஒன்றாகிவிட்டார்கள்.

பிறகு பதினைந்து நிமிடத்துக்கொரு முறை
அடிவயிற்றில் என் கை:
கருப்பை இறுகியிருக்கிறதா, ரத்தம் எவ்வளவு.
டிக். டிக். டிக்.
ஐந்தில் மருந்தை மறுபடி தொடங்கினேன். டிக்.
எடை, கணுக்காலில் பட்டை, ஊசி. டிக்.
பெருமையாகக்கூட இருந்தது.

ஆறு நாற்பதுக்கு,
அடுத்த ஷிஃப்ட் டார்லாவிடம் ஒப்படைக்கத்
தாளை விரித்தபோது பார்த்தேன்.
மடிப்பின் மேலேயே, நனையாமல்,
ஐஸ், இரண்டு.
சதுரம் காலி.

இதோ என்பது எவ்வளவு நீளமான சொல்.

கோப்பை நிறைய எடுத்துக்கொண்டு போனேன்.
டெல்வினா தூங்குகிறாள்,
மார்பின்மேல் பிள்ளையும்.
ராஸ் வாங்கிக்கொண்டான்,
குறையாக ஒன்றும் சொல்லவில்லை,
ஒரு துண்டை வாயில் போட்டுக் கடித்தான்.
அவன் முதுகுக்குப் பின்னால் ஜன்னலில்
ஏரி, விளிம்புவரை உறைந்து கிடந்தது.
ஒரு கடலளவு ஐஸ் வைத்திருக்கும் ஊரில்
ஒரு கோப்பைக்கு ஐந்தரை மணி நேரம்.

டிக் போடவில்லை.
தாளை அரைக்கும் பெட்டியில் அப்படியே விட்டேன்,
திறந்த சதுரத்தோடு.

கார்ச் சாவி கையுறைப் பையில் இருந்தது.
முன்கண்ணாடி முழுக்க வெள்ளை.
சுரண்டியை எடுத்து நின்றேன்.
சுரண்டச் சுரண்ட
கை கையாய் விழுந்துகொண்டிருந்தது
யாரும் கேட்காத ஐஸ்.