இருபது நிமிடம்

ஹார்பினில் மைனஸ் இருபத்தேழு.
அறுபத்துமூன்றாம் எண் பேருந்தை ஓட்டும்
ச்சூ யென்மெய்
ஜன்னலைத் திறக்கிறாள்.
"சாத்தும்மா, காது உறைந்து உதிர்ந்துவிடும்"
என்கிறது பின்னிருக்கை.
அவள் கழுத்தில் வியர்வை ஓடுகிறது.

மூன்று மாதமாய் வராதது
நேற்று வந்தது, நடுவழியில்.

மருத்துவர் பாங் நாக்கை நீட்டச் சொன்னார்.
நாடியில் மூன்று விரல் வைத்து
வெகுநேரம் எதுவும் பேசவில்லை.
பிறகு,
"கடைசியாக எப்போது நன்றாகத் தூங்கினீர்கள்?"
வீட்டில் யாரும் கேட்காத கேள்வி.

வலது கணுக்காலுக்கு உள்பக்கம் ஓர் ஊசி.
பிரேக் மிதிக்கிற கால்.
அசைக்கக் கூடாது.
இருபது நிமிடம்
இறங்க வேண்டுமென்று யாரும் மணி அடிக்கவில்லை.

விழித்தபோது
தன் குறட்டையைத் தானே கேட்ட வெட்கம்.

மறுநாளும் ஜன்னல் திறந்தது.
பாதிதான்.