திரும்பி வந்த வெள்ளை

மூன்றாம் முறையாக ஒரு பொட்டலம் திரும்பி வந்திருக்கிறது.
உள்ளே ஒன்றரை மீட்டர் துணி, மடிப்புக் கலையாமல்.
'வெள்ளை கேட்டேன், வந்தது வெண்ணெய்' என்று
சீட்டு வைத்திருக்கிறாள் யெல்லோநைஃப் ரோவீனா,
பிரசவ வார்டில் இரவு வேலை பார்ப்பவள்.
கோபமாக எழுதவில்லை.
எழுதியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

இதற்கென்று என்னிடம் ஒரு பதில் தயாராக உண்டு:
'ஒவ்வொரு திரையும் நிறத்தை ஒவ்வொரு விதமாகக் காட்டும்.'
கருநீலம் கேட்டவருக்குக் கறுப்பு போனபோதும்
இதையேதான் ஒட்டி அனுப்பினேன்.
கூடவே கால் மீட்டர் பூத்துணி, இலவசமாக,
வாயை அடைக்க.

கடை இருப்பது நிலவறையில்.
சலவை இயந்திரத்துக்கும் உருளைக்கிழங்கு மூட்டைக்கும் நடுவே
இருநூற்றுப் பத்துச் சுருள்கள்.
வெளியே ஸ்விஃப்ட் கரன்ட்டில் மைனஸ் முப்பத்தொன்று.
தபால் வண்டிக்காரன் எஞ்சினை அணைக்காமலே
வாசலில் நின்று கையை நீட்டுவான்.
நுனிச்சீட்டு கிழிந்த சுருள்களை
நான் கண்ணாலேயே பிரித்து அடுக்குவேன்.
எண் எதற்கு, வெர்னாவின் கண் போதும் என்று
எனக்கே ஒரு திமிர்.

இரண்டு கோடைக்கு முன்
கண்காட்சியில் என் குவில்ட்டுக்கு இரண்டாம் பரிசு.
ஒரே வெள்ளையில் முழுதும் தைத்தது,
கொடியும் இலையும் நூலோட்டத்தில் மட்டும்.
நடுவர் அட்டையில் எழுதியிருந்தார்:
'பழைய பனியையும் புதுப் பனியையும் அருகருகே வைத்த துணிச்சல்.'
என்ன பழைய பனி?
புரியவில்லை.
பரிசு கொடுத்தவரிடம் போய் விளக்கம் கேட்பார்களா யாராவது.

ரெஜைனாவில் வலக்கண்ணுக்கு அறுவை.
பதினொரு நிமிடம்.
மருத்துவர் நடுவில் ஹாக்கி பற்றிப் பேசினார்.
மறுநாள் கட்டு பிரித்ததும்
டீட்ரிக் வண்டியோட்ட, வயல் பார்த்துக்கொண்டு வந்தேன்.
பனி நீலமாக இருந்தது.
யாரும் என்னிடம் சொல்லவே இல்லை.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல்
படியிறங்கினேன்.
இடக்கண்ணைப் பொத்திப் பார்த்தேன்,
வலக்கண்ணைப் பொத்திப் பார்த்தேன்.
வெள்ளைத் தட்டு என்று நான் அடுக்கியிருந்ததில்
பாதி வெண்ணெய், இரண்டு முட்டை ஓடு,
ஒன்று ஆறிப்போன பால் தேநீர்.
கருநீலங்களுக்கு நடுவே கறுப்பு ஒன்று
ஒன்றும் தெரியாததுபோல் நின்றுகொண்டிருந்தது.
எத்தனை பேருக்கு வெட்டி அனுப்பினேன்,
எத்தனை பேர் வாயைத் திறக்காமல்
அதையே தைத்து முடித்தார்கள்?

மேலே கட்டில்மேல் பரிசுக் குவில்ட்.
வலக்கண்ணால் பார்த்தால்
மார்ச் மாதத்துச் சாலையோரம்.
துணிச்சலாம்.
தனியாக நின்று சிரித்தேன், கொஞ்சம் அதிகமாகவே.

அன்றிரவு ரோவீனாவுக்கு எழுதினேன்.
திரையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.
தப்பு என் கண்ணில் என்று தொடங்கி,
அழித்து,
தப்பு என்னுடையது என்று தொடங்கினேன்.

சாப்பாட்டு மேசையில் டீட்ரிக் கேட்டார்:
யாருக்குக் கண்ணடிக்கிறாய்?
வலக்கண்ணில் அவர் தலை சுத்தமாக வெளுத்துவிட்டது.
இடக்கண்ணில் இன்னும் வைக்கோல்.
அதற்கும் மார்ச்சில் தேதி குறித்திருக்கிறார்கள்.
ஒன்றுமில்லை, ரொட்டியை இப்படித் தள்ளுங்கள் என்றேன்.

பிரிக்கத் தெரியாமல் வெட்டிவைத்த துண்டுகளை
'இரண்டு வெள்ளை, கலந்தது' என்று பெயரிட்டு
பத்து டாலருக்குப் போட்டேன்.
காலைக்குள் பதினான்கு கட்டு போய்விட்டது.
ஒருத்தி மட்டும், லாப்ரடாரிலிருந்து,
எது எந்த வெள்ளை என்று
குறித்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறாள்.

குண்டூசி டப்பாவை எடுத்துக்கொண்டு
விளக்கடியில் உட்கார்ந்திருக்கிறேன்,
ஒரு கையால் முகத்தில் பாதியை மூடியபடி.