மழையோட்டக் கணக்கு

சிலிக்கனும் அலுமினியமும்
ஒரே சூட்டுக்கு ஒரே மாதிரி விரிவதில்லை.
அது ஒரு பங்கென்றால் இது ஒன்பது.
இரண்டையும் ஒட்டவைத்து
தாணே ஸ்லோ லோக்கலின் வயிற்றடியில்
ஒரு டப்பாவில் பூட்டியிருக்கிறோம்.
கிளம்பச் சூடு, பிரேக் போடச் சூடு,
நின்றால் ஆறும்.

எப்போது விட்டுப்போகும் என்று சொல்வது
என் உத்தியோகம்.
திரையில் பத்தாயிரம் வண்டி ஓட்டுகிறேன்.
ஒன்றிலும் ஹாரன் இல்லை, வியர்வை இல்லை.
பயணி என்றால் அறுபத்தைந்து கிலோ,
நானும் அதில் அறுபத்தைந்து.
(எழுபத்தொன்று. விடுங்கள்.)

ஏற்ற இறக்கத்தை எண்ணும் முறைக்கு
மழையோட்டம் என்று பெயர்.
வெப்பக் கோட்டை நெட்டுக்குத்தாய் நிறுத்தினால்
அடுக்கடுக்காய்க் கூரைகள்.
உச்சியிலிருந்து நீரை விடு;
வழிந்து எங்கே நிற்கிறதோ அது ஒரு சுற்று,
ஆயுளில் ஒரு கிள்ளு.
கிள்ளெல்லாம் கூடி ஒன்று என்றானால்
முடிந்தது.

இருபத்திரண்டு வருஷம் என்றேன்.
கையெழுத்தும் போட்டேன்.

நாலாம் வருஷம் ஜூலையில்
சோன்டக்கே ஒரு பொட்டலத்தை
என் மேசையில் வைத்துவிட்டு
ஒன்றும் பேசாமல் நின்றார்.
மேலிருந்த கூழை அமிலம் தின்றிருந்தது.
மைக்ராஸ்கோப்பில்
ஐந்து மயிர் கனத்தில் எட்டுக் கம்பிகள்.
ஆறு, குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றன.
மற்ற இரண்டும்
எட்டுப்பேர் சுமையைத் தூக்கி
உருகியிருந்தன.

"உன் வண்டி எந்த ஊரில் ஓடுது?" என்றார்.

என் வண்டி அட்டவணையில் ஓடியது.
ஸ்டேஷனில் மட்டும் நின்றது.

மறுநாள் லேடீஸ் டப்பாவில்
தாணேயிலிருந்து விரல்கணுவில் எண்ணினேன்.
ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு கணு.
பாண்டுப்புக்கு வெளியே சும்மா ஒருதரம்,
காட்கோபருக்கு முன்னால் இரண்டு,
வித்யாவிஹாரில் பிளாட்பாரம் தொட்டும் தொடாமலும்
மூன்று.

முலுண்டில் ஏறியிருந்த குஜராத்தி அம்மாள்
அவரைக்காய் நார் உரித்தபடியே
என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.
என்ன ஜபம், கேட்டாள்.
ரயிலுக்கு, என்றேன்.
என் முட்டிக்கும் ஒரு சுற்று சேர்த்துச் சொல்லு, என்றாள்.

குர்லா தாண்டி சிக்னல்.
தண்டவாளம் தண்ணீருக்குள்ளே.
ஜன்னல் கம்பியிலிருந்து மழை
அடுத்த கம்பிக்குச் சொட்டி,
அங்கிருந்து அதற்கடுத்ததற்கு.
எங்கள் காலுக்கடியில்
ஒன்பது பங்கும் ஒரு பங்கும்
ஆறிக்கொண்டிருந்தன.

அட்டவணைப்படி ஒன்பது.
கட்டைவிரல் பதினாறாம் கணுவில்.

சயான் இன்னும் வரவில்லை.