செலவுப் பக்கம்

சாஸ்கட்டூனில் மைனஸ் முப்பத்தொன்று.
கூட்டத்துக்கு இன்னும் நாற்பது நிமிஷம்.
ஆராய்ச்சி நிலையத்தின் கணக்காளர் நான்.
ஒரே தாளில் இரண்டு எண்களை
முகத்துக்கு முகம் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள்:
இந்த வருஷம் ஆய்வுக்குப் போட்டது,
இந்த வருஷம் கப்பல் ஏறியது.

இரண்டும் ஒன்றையொன்று தெரியாத ஆட்கள்.
ஒரே லிஃப்டில் நின்றுகொண்டு
கதவையே பார்க்கிறார்கள்.

இப்போது கப்பல் ஏறுகிற பருப்புக்கு
அன்று கையெழுத்துப் போட்டவர்
ஓய்வு பெற்று கெலோனாவில் கோல்ஃப் ஆடுகிறார்.
இன்று நாம் வெட்டப்போவது
யாருடைய வருஷத்தில் வலிக்கும் என்று எழுத
என் மென்பொருளில் கட்டம் இல்லை.
விதைநெல்லைக் குத்தித் தின்ற வீட்டைப் பற்றித்
தமிழில் சொல்லிவிடுவேன்.
ஸ்லைடில் சொல்லத் தெரியவில்லை.

ஒலேனா ஹ்ரிட்சுக்கின் பழைய கோப்பைத் திறந்தேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு கலப்புகள்.
வேரழுகல். வேரழுகல். சாய்ந்தது. வேரழுகல்.
ஒரு பக்கம் முழுக்க: மான் தின்றது.
எண்பத்தேழாம் வரிசைக்கு நேரே மட்டும்
பென்சிலால், சின்னதாக: நிற்கிறது.

அந்த ஒரு சொல்லுக்கு
ஏழு வருஷச் சம்பளம், ஒரு கண்ணாடி வீடு,
இரண்டு தடவை பழுதான குளிர் அறை.
மீதி முந்நூற்றுப் பதினொன்றை
எந்தத் தலைப்பில் எழுத?
நஷ்டம் என்றால் ஒலேனா பேச மாட்டாள்.
முதலீடு என்றால்
தணிக்கைக்காரர் பேசிக்கொண்டே இருப்பார்.

நேற்று எட்டாம் தெருக் கடையில்
மைசூர்ப் பருப்பு, இரண்டு கிலோ.
விளைந்தது கனடா, உடைத்தது துருக்கி.
இங்கிருந்து முழுசாய்ப் போய்
தோல் உரிந்து, பிளந்து, மெருகேறி
நம் ஊருக்கே திரும்பியிருக்கிறது,
வெளியூர் போய்ப் படித்துவந்த மாப்பிள்ளை மாதிரி
விலை ஏறி.
விதையைக் கண்டுபிடிக்கக் காசு இருந்தது.
உடைக்கிற யந்திரத்துக்கு
யாரும் விண்ணப்பம் போடவில்லை போல.
வாங்கினேன். வேறென்ன செய்ய.
பன்னிரண்டே நிமிஷத்தில் குழைந்துவிட்டது.
அந்தக் குழைவும்கூட ஒருநாள்
யாரோ மூன்று பிரதிகளில் எழுதிக் கேட்டு
இரண்டு முறை மறுக்கப்பட்ட பணம்தான்.

கூட்டத்தில் ஃபெடொருக் நேரடியாகவே கேட்டார்:
'ஒரு டாலர் போட்டால்
ஏற்றுமதியில் எத்தனை டாலர்?'

'எத்தனை என்பதைவிட
எப்போது என்று கேளுங்கள்' என்றேன்.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.