பிடித்தம்

சனிக்கிழமை நாலு மணிக்கு
சம்பளக் கவர்களில் பெயர் எழுதுவேன்.
அடைக்கலமேரி. ராக்கு. சின்னச்சவரி. முத்தழகு.
எழுத்து முத்துமுத்தாய் இருக்கு என்பார் முதலாளி.
ஞாயிறு முதல் பூசையில் வாசகம் படிப்பேன்.
குரல் மணிபோல் இருக்கு என்பார் பங்குச்சாமி.
இரண்டுக்கும் தலையாட்டியே
பதினோரு வருஷம் போய்விட்டது.

ஆத்தங்குடிக்கு இப்பால் கண்மாய்க்கரையில் பட்டறை.
கண்ணாடிமேல் தகட்டு அச்சு வைத்து
காவி ஒரு கரண்டி, பச்சை ஒரு கரண்டி,
மேலே சிமிட்டி, மணல், திரும்பச் சிமிட்டி.
தொட்டித் தண்ணீரில் ஊறி வந்து
கண்ணாடியை உரித்தால் கல் சிரிக்கும்.
சிரிக்காமல் விரிசல் விட்டால்
என் நோட்டில் நாலாவது பத்தி:
பிடித்தம்.

கல் உடைந்தால் பதினெட்டு ரூபாய்.
கண்ணாடி உடைந்தால் நூற்றைம்பது.
கை கிழிந்தால் அதற்குப் பத்தி இல்லை.

கோயிலுக்குப் புதுத்தளம் போட்ட வருஷம்
பட்டறையில் உடைசல் அதிகம் என்று பேச்சு.
உடைசல் எப்போதும்போலத்தான்.
பிடித்தம்தான் அதிகம் என்பது
எனக்கும் நோட்டுக்கும் தெரியும்.
பீடத்துக்கு இடப்பக்கம் பளிங்கில் வெட்டியிருக்கிறது:
உபயம், சே. மரியலூயிஸ்.
அதன் கீழே தொள்ளாயிரம் கல்,
கல்லுக்கு ஒரு எட்டிதழ்ப் பூ.
அதன்மேல்தான் முழங்கால் போடுகிறோம்.

அன்றைக்கு யாக்கோபு திருமுகம்.
அறுத்தவனுக்குக் கொடாத கூலி
வாய் திறந்து கத்துகிற பகுதி.
முந்தின ராத்திரி இரண்டு தடவை படித்துப் பார்த்திருந்தேன்,
உச்சரிப்புக்காக.
கூலி என்ற சொல்லுக்கு வந்ததும்
நாக்கு நின்றுவிட்டது.
யாரோ இருமினார்கள். மைக் கூவியது.
ஒருவழியாய் முடித்து, ஆண்டவரின் அருள்வாக்கு என்றேன்.
இறைவனுக்கு நன்றி என்றார்கள்,
முதல் வரிசையில் முதலாளியும்.

பிறகு சாமியார் அப்பத்தை உயர்த்தி உடைத்தார்.
சின்னச் சத்தம்தான், மைக்கில் கேட்டது.
உடைந்ததற்கு யாரிடமும் பிடிக்கவில்லை.
உடைந்ததால்தான் எல்லோருக்கும் கிடைத்தது.

வரிசையில் எனக்கு முன்னால் அடைக்கலமேரி.
வலது உள்ளங்கையில் மஞ்சள் ஏறிய துணிக்கட்டு.
கையை நீட்டாமல் வாயைத் திறந்தாள்.
நான் வரிசையைவிட்டு விலகினேன்.
வயிறு சரியில்லை என்று வீட்டில் சொன்னேன்.

திருவிழா முடியட்டும் ஞானதாசன், என்றார் சாமியார்.
கொடி இறங்கியது.
சப்பரத்துக்கு வண்ணம் பூசும் செலவு வந்தது.
பாவசங்கீர்த்தனம் செய்தேன்.
மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார்.
சொன்னேன்.
கூட்டல் மாறவில்லை.

ஒரு வியாழக்கிழமை காரைக்குடி போய்
அஞ்சு நோட்டையும் நகல் எடுத்தேன்.
இருநூற்றுப் பதினாறு பக்கம், பக்கத்துக்கு ஒரு ரூபாய்.
பையை மார்போடு அணைத்தபடி
அவள் வீட்டு வாசலில் நின்று,
ஒரு ரகசியம்போல ஆரம்பித்தேன்.

நாலு வருஷமாத் தெரியும் சார், என்றாள்.
எங்க கணக்கு முந்தானையில முடிஞ்சிருக்கு.
சிவகங்கையில மனு கொடுத்து மாசம் ஒண்ணாச்சு,
ஆதாரம் எங்கேன்னு கேக்குறாங்க.
உங்க நோட்டுதான் வர மாட்டேன்னுச்சு.

சொல்லிவிட்டு உலையைப் பார்க்க உள்ளே போனாள்.
உட்காரச் சொல்லவில்லை.

இந்த ஞாயிறு வாசகத்துக்கு வேறு ஆள்.
அவனுக்கும் நல்ல குரல்.
நான் பின்னால், செருப்புகள் கிடக்கும் இடத்தில் நின்றேன்.
தளம் அதுவரைக்கும் வரவில்லை,
அங்கே இன்னும் பழைய சிமிட்டி.
உம்முடைய அரசு வருக என்றார்கள்.
என் குரல் எனக்கே கேட்டது.

விசாரணை திங்கள் பத்தரைக்கு.
ஆறேகால் பஸ்ஸில் உட்கார இடமில்லை.
பதினோரு பெண்களும் ஏறியிருந்தார்கள்,
ராக்கு மடியில் சோற்றுத் தூக்கு.
நோட்டுப் பையை அடைக்கலமேரி வாங்கி
மடியில் வைத்துக்கொண்டாள்.
கம்பியைப் பிடிச்சுக்குங்க சார், என்றாள்.
வளைவு வருது.