கரும்பலகையின் இடது ஓரம்

காவேரிப்பட்டணம். ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு.
முதல் வாரம், "சும்மா என் தலையைத் தின்னாதே" என்றேன்.
மாதேஷ் என் தலையைப் பார்த்தான்,
கொஞ்ச நேரம், அக்கறையோடு.
"நான் சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன் டீச்சர்."
வகுப்பு சிரித்தது. நானும்.
இரவு பாத்திரம் கழுவும்போதுதான்
அந்தச் சிரிப்பு உறுத்தியது.

ஆஸ்பெர்கர் என்று எழுதிய மருத்துவமனைச் சீட்டை
நான்காய் மடித்து
ரேஷன் கார்டுக்குள் வைத்திருந்தார் அவன் அம்மா.
"இது வியாதியா டீச்சர்?"
எனக்கு அணையின் நீர்மட்டம் மட்டும்தான் தெரிந்திருந்தது,
அவன் தினமும் சொல்வதால்.
கே.ஆர்.பி. அணை, நாற்பத்தாறு புள்ளி மூன்று அடி.
என் கண்ணைப் பார்க்காமல்
சேலையில் குத்திய ஊக்கிடம் சொல்வான்.
"கண்ணைப் பார்த்துப் பேசு" என்று அதட்டிய நாளில்
பார்த்தான்.
பேச்சு வரவில்லை.
இரண்டில் ஒன்றுதான் முடியும் போல.
எனக்குப் பேச்சு போதும்.

மணியடிக்கும் முனிரத்தினத்திடம் கேட்டேன்:
"அடிக்கிறதுக்கு முன்னாடி சன்னல்கிட்ட
ஒரு விரல் காட்டுங்கண்ணே."
"ஆளாளுக்குக் காட்டுனா என் விரல் என்னாவும்?" என்றவர்
மறுநாளிலிருந்து காட்டுகிறார்.
மாதேஷ் காதைப் பொத்திக்கொள்கிறான்.
இரும்பு அதிர்ந்து அடங்குகிறது.
அவன் இடத்திலேயே இருக்கிறான்.

ஆடியில் ஒரு வியாழன்,
கணக்குப் பீரியடில் விளையாட்டு என்றார் தலைமையாசிரியர்.
முப்பத்தெட்டுப் பேர் ஓடினார்கள்.
ஒருவன் பெஞ்சுக்கு அடியில்.
பொறுமையால் அல்ல, என்ன செய்வதென்று தெரியாமல்தான்
பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.
சாக்பீஸ் தூள், ஒரு மாங்கொட்டை,
யாரோ தொலைத்த ரப்பர்.
இருபது நிமிடம் கழித்து,
"நீங்க எழுதிப் போடலை" என்றான்.

அன்றிலிருந்து பலகையின் இடது ஓரம் அவனுக்கு.
ஒன்று, தமிழ். இரண்டு, கணக்கு.
மாறினால் அடித்துவிட்டு
மாறியது என்று எழுதுவேன்.
ருக்சாரும் வாசலில் நின்று
அதைப் படித்துவிட்டுத்தான் பையை இறக்குகிறாள்.
ஏனென்று அவள் சொல்லவில்லை,
நான் கேட்கவில்லை.

நேற்று பாலக்கோட்டில்
தக்காளி லாரிகளுக்குப் பின்னால் என் பேருந்து.
மூச்சிரைக்க நுழையும்போது மணி பத்து.
இடது ஓரத்தில் கோணல் எழுத்து:
ஒன்று, கணக்கு. அடித்திருந்தது.
டீச்சர் வரவில்லை. மாறியது.
அதற்குக் கீழே, இன்னும் சின்னதாக,
நீர்மட்டம் நாற்பத்தேழு.