நிறுத்து என்னும் சைகை

நாற்பது டன் சுமையை
ஒற்றை உள்ளங்கையால் அந்தரத்தில் நிறுத்துவான்
பிலவேந்திரன்.
சோஹார் துறைமுகத்தில்
கிரேன்காரர்களுக்கு அவன் கைதான் பிரேக்.

அந்தக் கையை நீட்டி, விரல் விரித்து,
மணிக்கட்டை மேலே மடக்கச் சொன்னார் டாக்டர்.
ஈ ஓட்டுவதுபோல்
தானாக விழுந்து விழுந்து எழுந்தது.

குடிச்சுக் கெடுத்துக்கிட்டான் என்றது கேம்ப்.
மூடியை மோந்துகூடப் பார்க்காதவன்.
சர்க்கரையும் கொழுப்பும் சத்தமில்லாமல் பார்த்த வேலை.
ஈரல் வடிகட்டாத நஞ்சு தலைக்கு ஏறுது என்று
மலையாளத்து நர்ஸ் தமிழில் சொன்னாள்.

அதுவரை எங்களுக்கு அது வெறும் கிறுக்கு.
ஷூவை ஃபிரிட்ஜில் வைத்தான், சிரித்தோம்.
எக்ஸ்சேஞ்சில் கையெழுத்து ஒத்துப்போகாமல்
பணத்தோடு திரும்பி வந்தான்.
பகலெல்லாம் உறங்கி
ராத்திரி இரண்டு மணிக்கு
ரொகிபுல்லின் கட்டிலருகே நின்று
'லோடு இறங்குது, தள்ளு' என்றான்.

இப்போது என் வேலை எண்ணுவது.
பாகுபோல் இனிக்கும் மருந்து;
நாளுக்கு இரண்டு மூன்று தரம் இளகிப் போகணும்.
குறைந்தால் மூளைக்கு ஆகாது,
மிஞ்சினால் இந்த வெயிலில் உடம்பு வற்றிவிடும்.
எட்டுப் பேருக்கு ஒரே கழிப்பறை.
விடிகாலை வரிசையில் அவன் மட்டும்
நேரே உள்ளே போகலாம்,
ஹமீது போட்ட சட்டம்.
பால் கம்பெனி காலண்டரில்
ஊருக்குப் போகும் நாளை அடித்துக்கொண்டுவந்த பென்சிலால்
ஒருத்தன் வெளிக்குப் போனதைக் கோடு போடுகிறேன்.

படுக்குமுன் இரண்டு ரொட்டி, பருப்பு.
வெறும் வயிற்றில் ராவைக் கடத்தக் கூடாதாம்.
தூக்க மாத்திரை கேட்டுக் கெஞ்சினாலும் கிடையாது.
போன மாதம் எனக்கு ஓவர்டைம்.
இரண்டு கட்டம் வெள்ளையாகவே கிடக்கிறது.
மூன்றாம் நாள் என்னிடமே
என் பேரைச் சொல்லி, எங்கே போயிட்டான் என்று கேட்டான்.

தினமும் காலையில் பரீட்சை.
நூறில் ஏழு கழி. இன்னொரு ஏழு.
சம்சாரம் பேர்?
'அதைக் கேக்காதே. மறந்தா நானே சொல்றேன்.'
இன்னைக்கு என்ன கிழமை?

இன்று அவன் வாய் திறக்கவில்லை.
எனக்குப் பகீரென்றது.
'நீ சொல்லு' என்றான்.

யோசித்தேன். நைட் ஷிப்ட், அப்புறம் டே.
போன வெள்ளியும் வேலை, முந்தின வெள்ளியும்.
தெரியவில்லை.

'கையை நீட்டு.'
நீட்டினேன்.
சுமை தரை தொடும்வரை கண் எடுக்காதவன்
என் விரல்களைப் பார்த்தான்.

'நிக்குது.
செவ்வாய்டா. ஓடு, பஸ் வந்துரும்.'